தம்பானூரில் இரண்டாவது கியர்

புது கார் வாங்கியவனிடம் திருவனந்தபுரத்தில் கேட்கிற முதல் கேள்வி, "எத்ர கிட்டும்?" மைலேஜைத்தான் கேட்கிறார்கள். நாகர்கோவிலில் சித்தப்பா மகன்கள் கேட்பது வேறு. "அண்ணே, எவ்ளோ போவும்?" அது வேகம். இரண்டுக்கும் நான் சொல்லும் பதில் கேட்டவர் முகத்தில் ஒரு மலர்ச்சியையும் உண்டாக்குவதில்லை. மைலேஜ் சுமார். வேகம் எவ்வளவு என்று பார்த்ததில்லை, பார்க்கிற மாதிரி சாலையும் பக்கத்தில் இல்லை. "பின்னே எதுக்கு இந்த வண்டி?" என்பது மூன்றாவது கேள்வி. இந்தப் பதிவு அதற்குத்தான்.

வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன். ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல், நீல நிறம். சில மாதங்கள் ஓட்டியாகிவிட்டது. சீட் கவர் பிளாஸ்டிக் வாசனை போய், பம்பரில் முதல் கீறலும் விழுந்து, அது யார் போட்டது என்று தேடுகிற ஆவேசமும் அடங்கிவிட்டது. இனி நிதானமாகப் பேசலாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அசல் பந்தயக் குதிரை இல்லை. ஐரோப்பாவில் ஐ20 என் என்றொரு வண்டி விற்றார்கள், 1.6 லிட்டர் டர்போ, 204 குதிரைத்திறன். அது இந்தப் பக்கம் வரவே இல்லை. நமக்குக் கிடைத்த என் லைனில் இருப்பது 998 சி.சி., 120 குதிரைத்திறன், 172 நியூட்டன் மீட்டர் டார்க். சாதா ஐ20-இல் உள்ள 1.2 லிட்டர் எஞ்சின் 83 குதிரைத்திறன்தான் தரும். இதில் சஸ்பென்ஷனை இறுக்கியிருக்கிறார்கள், ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் கனமாக்கியிருக்கிறார்கள், நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக், சைலன்சரில் ஓர் உறுமல், சீட்டில் சிவப்பு நூல். 2021 செப்டம்பரில் வந்தபோது கிளட்ச் பெடல் இல்லாத ஒரு விசித்திர மேனுவலைக் கொடுத்தார்கள். கியரை நாம் மாற்ற வேண்டும், கிளட்சை அது பார்த்துக்கொள்ளும். 2023-இல் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலைப் போட்டார்கள். அது வராமலிருந்தால் நான் இதை வாங்கியிருக்க மாட்டேன்.

அதென்ன ஒரு லிட்டர் எஞ்சினில் வீரம் என்று சிரிப்பவர்களுக்காக ஒரு தகவல். இந்த வகை வண்டிகளுக்கெல்லாம் மூத்ததாக மதிக்கப்படும் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1976-இல் விற்பனைக்கு வந்தபோது அதன் 1.6 லிட்டர் எஞ்சின் கொடுத்தது 110 குதிரைத்திறன். என் வண்டியைவிடப் பத்து குறைவு. எடையில் அது இளைத்த பிள்ளை என்பதால் பறந்தது, அது வேறு கணக்கு.

நம் ஊரில் எஞ்சின் இப்படிச் சிறுத்துப்போனதற்குக் காரணம் பொறியாளர்கள் இல்லை, நிதியமைச்சகம். 2006 பட்ஜெட்டில் சின்னக் கார்களுக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார்கள். நிபந்தனை: நீளம் நான்கு மீட்டரைத் தாண்டக்கூடாது, பெட்ரோல் எஞ்சின் 1200 சி.சி.யைத் தாண்டக்கூடாது. ஜி.எஸ்.டி. வந்த பிறகும் அந்தக் கோடு அழியவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் கோட்டுக்குள் இருக்கும் வண்டிகளுக்கு 18 சதவீதம், வெளியே போனால் 40. என் வண்டியின் நீளம் 3995 மில்லிமீட்டர். அந்த ஐந்து மில்லிமீட்டர் மிச்சத்தைப் பார்த்தாலே வடிவமைத்தவர் மேசையில் எந்த வரித்தாள் விரிந்து கிடந்தது என்று தெரியும். கோட்டைப் பற்றிக் கவலைப்படாமல் 2025 மே மாதம் இங்கே இறக்குமதியான கோல்ஃப் ஜி.டி.ஐ.யின் ஷோரூம் விலை 53 லட்சம். அந்தப் பணத்துக்கு எங்கள் ஊர்ப் பக்கம் வீடே கட்டிவிடலாம்.

இந்தக் கோட்டுக்குள் நின்று ஆசைப்பட்டவர்கள் பலர். 2013-இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015-இல் 145 குதிரைத்திறனோடு புன்டோ அபார்த் (இது கோட்டைத் தாண்டிய வீரன்), 2017-இல் பலேனோ ஆர்.எஸ். எல்லாம் வந்தன, எல்லாம் போயின. எனக்கு அதில் மனசுக்கு நெருக்கமானது 2018-இல் வந்த டியாகோ ஜே.டி.பி. டாடா மோட்டார்ஸும் கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் சேர்ந்து செய்தது. பந்தயப் பழக்கமுள்ள கோவைப் பட்டறைக்காரர்களின் கைபட்ட வண்டி. மாசுக் கட்டுப்பாட்டு விதி பி.எஸ். 6-க்கு மாறிய 2020-இல் அதுவும் நின்றுபோனது. என் வண்டி பிறந்தது இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையில். சென்னையின் மோட்டார் பந்தயப் பாதை இருப்பதும் அதே இருங்காட்டுக்கோட்டையில்தான். பக்கத்து வீட்டில் பாட்டு வகுப்பு நடந்தால் பிள்ளைக்குத் தானாகப் பாட்டு வந்துவிடாது என்பது எனக்கும் தெரியும்.

சரி, தம்பானூர்.

அரிஸ்டோ சந்திப்பிலிருந்து பிரியும் ஒரு சந்தில் என் வீடு. ரயில் நிலைய அறிவிப்பு ஜன்னலில் கேட்கும். காலையில் சந்தை விட்டு வெளியே மூக்கை நீட்டினால் எதிரே ஆட்டோ, லாட்ஜ் வாசலில் பெட்டியோடு நிற்கும் குடும்பம், பேருந்து முனையத்திலிருந்து உடம்பை மடக்கித் திரும்பும் கே.எஸ்.ஆர்.டி.சி., நடுவில் போனில் வழி கேட்டுக்கொண்டே சாலையைக் கடக்கும் ஒருவர். கார்த்திகை பிறந்துவிட்டால் இத்தனைக்கும் நடுவே இருமுடிக் கட்டோடு சாமிமார். டெக்னோபார்க்கில் வேலை என்பதால் கிழக்கேகோட்டை போய், ஈஞ்சக்கல்லில் பைபாஸைப் பிடிக்க வேண்டும். ஈஞ்சக்கல் வரைக்கும் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டாது.

இந்த இடத்தில்தான் டர்போவின் குணம் தெரியும். 1500 சுற்றுக்குக் கீழே இது வெறும் மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் எஞ்சின். புகைப்போக்குக் காற்று டர்பைனைச் சுழற்றுகிற அளவுக்கு இன்னும் வரவில்லை. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் "இதோ வாறேன்" என்று ஒரு கணம் யோசிக்கும். அந்தக் கணத்தில் ஆட்டோ உள்ளே நுழைந்துவிடும். 1800-ஐத் தாண்டியதும் ஆள் வேறு. முதுகில் யாரோ கை வைத்துத் தள்ளுகிற மாதிரி ஒரு நகர்வு, கூடவே காலடியில் லேசான அதிர்வு. முதல் வாரங்களில் சோம்பலும் பாய்ச்சலும் மாறி மாறி வந்தன. இப்போது கால் பழகிவிட்டது. முந்தைய வண்டியில் மூன்றாவது கியரில் உருட்டிக்கொண்டு போன இடத்தில் இதில் இரண்டிலேயே வைத்து, ஊசியை இரண்டாயிரத்துக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறேன். ஓவர்பிரிட்ஜ் சிக்னல் பச்சையானதும் பேருந்துக்கும் நடைபாதைக்கும் இடையே ஒரு வழி திறந்தால், கேட்டவுடன் வண்டி அங்கே இருக்கிறது.

கேரளத்தில் 2023 ஜூலையில் வேக வரம்பை மாற்றி எழுதினார்கள். நகரச் சாலைகளில் காருக்கு மணிக்கு 50 கிலோமீட்டர். இந்த வண்டியில் 50 என்பது இரண்டாவது கியரில் மூவாயிரத்துச் சொச்சம் சுற்று, அதாவது எஞ்சின் மிகவும் குஷியாக இருக்கும் இடம். சட்டம் அனுமதிக்கிற நகர வேகம் முழுவதும் ஒரே கியருக்குள் அடங்கிவிடுகிறது. அதிவேக வண்டி வைத்திருப்பவர்கள் நூறைத் தாண்டினால்தான் விழித்திருக்கிற மாதிரி உணர்வார்கள். எனக்கு முப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. மூன்றாவது கேள்விக்கு என் பதில் அதுதான். சிறிய, இறுக்கமான, சொன்னதைக் கேட்கிற வண்டியின் சுகம் முப்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே இருக்கிறது. அந்த வேகம் தம்பானூரில்கூடக் கிடைக்கும்.

(பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் லாரி பேக்கர் கட்டிய இந்தியன் காபி ஹவுஸ் இருக்கிறது, சிவப்புச் சுருள் கட்டடம். உள்ளே மாடிகளே இல்லை. சுற்றிச் சுற்றி ஏறும் ஒரே சரிவுப் பாதை, அதன் ஓரத்தில் மேசைகள். ஒவ்வொரு முறையும் அங்கே பீட்ரூட் மசாலா தோசை சாப்பிடும்போது இதை எந்த கியரில் ஏறலாம் என்று மனசு கணக்குப் போடுகிறது. புத்தி கெட்டுவிட்டது என்று மனைவி சொல்கிறாள்.)

இனி அம்மா.

மாதம் சில தடவையாவது நாகர்கோவில் போக வேண்டும். வடசேரியில் அம்மா. முக்கோலை தாண்டி காரோடு வரைக்கும் புது கான்கிரீட் சாலை. வண்டி ஒட்டிக்கொண்டு போகும், டயர் ஓசை மட்டும் ஓயாமல் ரீங்கரிக்கும். எல்லை தாண்டி, குழித்துறை, மார்த்தாண்டம் என்று பழைய சாலைக்குள் வந்ததும்தான் இறுக்கிய சஸ்பென்ஷன் என்றால் என்னவென்று புரியும். ஒட்டுப்போட்ட தார், ஒட்டுக்கு மேல் ஒட்டு. முன்சீட்டில் எனக்கு ஸ்டீயரிங் கையில் இருக்கிறது, பள்ளம் வருவது தெரியும், உடம்பு தயாராகும். பின்சீட்டில் இருப்பவருக்கு அறிவிப்பே கிடையாது.

"பைய போ மக்களே, நடு முதுகுல இடிக்குது."

"நாற்பதுலதாம்மா போறேன்."

"அப்ப முப்பதுல போ. பழைய வண்டி மெத்துமெத்துன்னு இருந்துச்சுல்லா."

உண்மை. சின்னச் சின்ன மேடுபள்ளத்தை வேகம் குறைவாக இருக்கும்போதுதான் இது அப்படியே உள்ளே கடத்தும். எண்பதில் காவல்கிணறு பக்கம் நான்கு வழிச்சாலையில் போனால் குலுக்கம் எல்லாம் அடங்கி, ஒரே மூச்சில் படிந்து போகும். ஆனால் அம்மா வருவது ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும்தான். இரண்டும் நான்கு வழிச்சாலை ஓரத்தில் இல்லை. இப்போது பின்பக்கக் காற்றழுத்தத்தைக் கதவில் ஒட்டியிருக்கிற அட்டவணைப்படி ஆள் எண்ணிக்கைக்கேற்ப வைக்கிறேன். முன்பு பெட்ரோல் பங்கு பையன் இஷ்டத்துக்கு நிரப்பி, முப்பத்தெட்டு முப்பத்தொன்பது என்று கல்லாக இருந்தது. அது சரியானதில் அம்மாவின் புகார் பாதியாகிவிட்டது. மீதிப் பாதிக்கு மருந்தில்லை.

டயர் அளவு 195/55 ஆர்16. அகலம் 195 மில்லிமீட்டர், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர் உயரம், அதாவது 107 மில்லிமீட்டர். ரிம்முக்கும் நம் ஊர்ப் பள்ளத்துக்கும் நடுவே இருப்பது ஒரு சாண்கூட இல்லாத ரப்பர். மழை நின்ற ஒரு ராத்திரி, தண்ணீர் தேங்கி வழவழப்பாகத் தெரிந்த சாலையில் ஒரு குழி இருந்தது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. காலையில் பார்த்தால் டயரின் பக்கச்சுவரில் எலுமிச்சை அளவு வீக்கம். உள்ளே இழை அறுந்தால்தான் அப்படி வரும், பஞ்சர் போடுவதுபோல் அதை ஒட்ட முடியாது. நெடுஞ்சாலையில் சூடேறி வெடிக்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றினேன், எட்டாயிரத்துக்கு மேல் ஆனது. வாரண்டி குழிக்குச் செல்லாது.

மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தம்பானூர்க்காரன் நிறுத்த மாட்டான். ஆமயிழஞ்சான் தோடு ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் புகுந்து போகிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீருக்குப் போக்கிடம் நிலையத்துக்கு எதிரே உள்ள சாலைதான். 2015-இல் ஆபரேஷன் அனந்தா என்று பெயரிட்டு, ஆக்கிரமிப்பை இடித்து, ஓடையைத் தூர்வாரினார்கள். பெருமழைக்கு இன்னும் தேங்கத்தான் செய்கிறது. தண்ணீருக்குள் காரை விடுவதில் இருக்கும் ஆபத்து எளிமையானது. காற்று போகிற குழாய் வழியே தண்ணீர் எஞ்சினுக்குள் புகுந்தால், பிஸ்டன் மேலே வரும்போது காற்றை நசுக்குவதுபோல் தண்ணீரை நசுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்ப்பதுதான் பெரும்பாலான எஞ்சின்களைக் கொல்கிறது. சாதாரண காப்பீடு இதற்குப் பணம் தராது, எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பாலிசி தனியாக எடுத்திருக்க வேண்டும். அது கொஞ்சம் காசுதான், எடுத்துவிடுங்கள். சாலை ஓரக் கல்லின் அடிப்பாகம் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் நான் போவதில்லை. வழுதக்காடு வழியாகச் சுற்றிப் போவேன்.

ஆற்றுகால் பொங்கலையும் சொல்லிவிடுகிறேன். கோயிலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. தம்பானூரும் அதில் சேர்த்தி. முந்தைய சாயங்காலமே வண்டியை வெளியே எடுத்துத் தள்ளி நிறுத்தாவிட்டால், விடியும்போது பம்பருக்கு இரண்டடியில் கொல்லத்திலிருந்து வந்த ஒரு சேச்சி பானை வைத்திருப்பார். அவரை நகரச் சொல்ல இந்த ஊரில் எவனுக்கும் துணிச்சல் கிடையாது. அன்றைக்கு 120 குதிரையும் லாயத்தில்தான்.

இத்தனைக்கும் கணக்குத் தீர்க்க ஒரு சாலை இருக்கிறது. பொன்முடி.

நகரத்திலிருந்து அறுபது கிலோமீட்டர் வரும். நெடுமங்காடு, விதுரா, கல்லார். கல்லார் தாண்டியதும் ஏற்றம் தொடங்கும், 22 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. உச்சி ஆயிரம் மீட்டருக்கு மேல். மழைக்காலத்தில் மண் சரிந்து அடிக்கடி மூடுவார்கள். 2022-இல் ஒரு வளைவருகே சாலையே இடிந்து சில மாதம் யாரும் போக முடியவில்லை. திறந்திருக்கிறதா என்று விசாரித்துவிட்டு, ஞாயிறு தவிர்த்து, காலையிலேயே போய்விட வேண்டும்.

அங்கே போன பிறகுதான் இந்த வண்டியை எதற்காகச் செய்தார்கள் என்று எனக்குப் புரிந்தது. வளைவுக்கு முன்பே பிரேக்கை முடித்துவிட வேண்டும். மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ஆக்சிலரேட்டரில் ஒரு தட்டு, அதனால் கியர் தடுமாறாமல் விழும். ஸ்டீயரிங்கைச் சுற்றினால் முன்பக்கம் உடனே திரும்புகிறது, உடம்பு சாய்வது மிகக் குறைவு. அம்மாவின் முதுகில் இடித்த அதே இறுக்கம் இங்கே உபகாரம். வளைவின் நடுவில் ஊசி 1500-க்குக் கீழே விழுந்துவிட்டால் வெளியே வரும்போது டர்போ தூங்கி வழியும். ஆகவே வேகத்தை அந்த அளவுக்கு மேலே பிடித்துக்கொண்டே உள்ளே போக வேண்டும். அதற்காக வளைவை அகலமாக எடுத்து, எதிர்ப்பக்கம் போய் வெட்டக்கூடாது. எந்த வளைவுக்குப் பின்னால் கே.எஸ்.ஆர்.டி.சி. இறங்கி வருமென்று சொல்ல முடியாது, அந்த ஓட்டுநர்களின் கையோட்டத்துக்கு முன்னால் நாமெல்லாம் குழந்தைகள். மிக இறுகிய சில வளைவுகளில் கூச்சப்படாமல் முதல் கியருக்கே போய்விடுவது நல்லது. நேரான துண்டுகள் எல்லாம் சின்னது, மூன்றாவது கியர் வந்ததும் அடுத்த எண் பலகை தெரியும். வேகமுள் அறுபதைத் தொடுவது அபூர்வம். இறங்கி நிற்கும்போது சட்டை முதுகில் ஒட்டியிருக்கும்.

இறக்கத்தில் ஒரு எச்சரிக்கை. சின்ன எஞ்சின் என்பதால் கியரில் போட்டு விட்டாலும் வண்டியைப் பிடித்து நிறுத்தும் இழுவை குறைவு. இரண்டிலேயே இறக்கி, பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட வேண்டும், காலை வைத்தே இறங்கினால் கல்லார் வருமுன் கருகிய வாசனை வரும். 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டியைப் பொன்முடியில்தான் நடத்தினார்கள். சொந்தக் காலால் மலையில் மிதிப்பவர்களை நினைத்தால் என் வீரம் கொஞ்சம் அடங்கிவிடுகிறது.

மைலேஜ் கேட்டவர்களுக்கு: காகிதத்தில் லிட்டருக்கு 20. தம்பானூர் நெரிசலில் எனக்கு பத்து பதினொன்று, நாகர்கோவில் போய்வந்தால் பதினைந்து பதினாறு, பொன்முடி போன நாளில் பார்க்காமல் இருப்பதே நலம். டாங்க் 37 லிட்டர்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் லிட்டருக்கு ஐந்தாறு ரூபாய் குறைவு. 2023 ஏப்ரலில் இருந்து கேரளம் சமூகப் பாதுகாப்புக்கென்று இரண்டு ரூபாய் செஸ் வேறு போடுகிறது. களியக்காவிளை தாண்டியதும் வரும் பங்குகளில் கே.எல். 01 பலகைகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். நானும் நிற்பேன். இருநூறு ரூபாய் கிட்ட மிச்சம், அம்மாவுக்கு நேந்திரங்காய் சிப்ஸ் ஆயிற்று.

அலுவலகத்துப் பையன்கள் சைலன்சரை மாற்று, கம்ப்யூட்டரை மாற்றி எழுது, 150 குதிரை வரும் என்று நச்சரிக்கிறார்கள். வண்டியின் அசல் அமைப்பை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னதே கேரளத்து வழக்கு ஒன்றில்தான். இங்கே மோட்டார் வாகனத் துறை அதைக் கடுமையாகவே எடுத்துக்கொள்கிறது. வாரண்டியும் போகும். 120-ஐயே முழுதாகச் செலவழிக்க இடமில்லாதவன் 150-ஐ எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

அந்தப் பையன்களில் ஒருவன் பாலராமபுரம்காரன். போன மாதம் இதே வண்டியை வாங்கப் போவதாகச் சொன்னான். டெஸ்ட் டிரைவுக்கு விற்பனைப் பிரதிநிதி கூட்டிக்கொண்டு போகிற வழுவழு பைபாஸில் ஓட்டாதே, உன் வீட்டுத் தெருவுக்கே எடுத்துக்கொண்டு போ, அம்மாவைப் பின்சீட்டில் உட்காரவை, ஒருவார்த்தை பேசாமல் ஒரு சுற்று சுற்றிவிட்டு வா என்றேன். அப்படியே செய்தான். சாதா ஐ20 ஆட்டோமேட்டிக் புக் செய்திருக்கிறான்.